சுவரைப் பார்த்து உட்காருங்கள்

அம்மா: நான் என்ன தப்பு செஞ்சேன்னு என்னைச் செவுத்தப் பாத்து உக்காரச் சொல்றீங்க?

டீச்சர்: தப்பு செஞ்சவங்க செவுத்தப் பாக்கணும்னா முதல்ல நான்தான் பாக்கணும். அதான் உக்காந்தாச்சு. எனக்குப் பக்கத்துல இருக்கு பாருங்க, உங்க நாற்காலி.

அம்மா: வேலையிலேர்ந்து நேரா ஓடி வரேன். முகம்கூடக் கழுவல. பஸ்ஸுல நின்னு நின்னு கால் ரெண்டும் கழண்டு போச்சு. வந்தவளுக்கு ஒரு வாய் தண்ணி கிடையாது, செவுத்தப் பாருங்கறீங்க…

டீச்சர்: தண்ணி ஜன்னல்கிட்ட இருக்கு அக்கா. குடிச்சிட்டே சண்டை போடுங்க.

வாயாடி: அம்மா. உக்காரு.

அம்மா: கேட்டீங்களா? பேச்சு வராத புள்ளைக்கு ஒரு பெட்டிய மாட்டி விட்டீங்க. பட்டனத் தட்டினா அது பேசுது. பேசறது நல்லதுதான்… ஆனா எடுத்த எடுப்புல என்னையே இல்ல அதிகாரம் பண்ணுது! அதுக்குக் குரல் வேற, ரயில் வருது தள்ளி நில்லுங்கன்னு சொல்ற பொம்பளை மாதிரி.

டீச்சர்: குரல்தான் பெட்டியோடது. அதிகாரம் உங்களோடது. ரெண்டு பட்டனத் தட்டினா அப்படியே நீங்க வெளிய வர்றீங்க.

அம்மா: அதனாலதான் எம்பொண்ணுக்கு வாயாடின்னு பேரு வெச்சீங்களாக்கும்.

டீச்சர்: பெட்டிய இவ சக்கர நாற்காலியில மாட்டின அன்னிக்கு ‘வேணாம்’ பட்டன விடவே இல்ல. இத்தனை வருஷமா உள்ள சேத்து வெச்ச வேணாம் எல்லாம் ஒரே மத்தியானத்துல கொட்டுச்சு. வேற என்ன பேரு வெக்கறது?

வாயாடி: வேணாம். வேணாம். வேணாம்.

அம்மா: ஆரம்பிச்சுட்டா… சிரிக்காதடி, கழுத்து சுளுக்கிக்கும்.

டீச்சர்: சிரிக்கட்டும் விடுங்க.

அம்மா: டீச்சர், சுத்தி வளைக்காம சொல்லிடறேன். நாளைக்குக் காலைல பள்ளிக்கூடத்துப் பெரிய மேடம், இவள எந்த ரூம்ல வெக்கறதுன்னு என்னைக் கேக்கும்போது, மணி கோக்கற ரூமுக்கே அனுப்பிடுங்கன்னு சொல்லப் போறேன்.

டீச்சர்: மணி கோக்கற ரூம்.

அம்மா: ஆமா.

டீச்சர்: இவ விரல் விரியறதே பெரும்பாடு. மடக்கின கையோட முட்டியாலதான் பட்டனையே தட்டறா. இவ போய் ஊசித் துளை மணிய நூல்ல கோக்கணும்…

அம்மா: கோக்காட்டி போகுது. பக்கத்துல உக்காந்து பாக்கட்டும். அங்க யாரும் பரீட்சை வெக்க மாட்டாங்க. யாரும் இவ தோத்துட்டான்னு சொல்ல மாட்டாங்க. போன தடவை பரீட்சையப்ப பெரிய மேடம் ரூம்ல நான் நின்ன நிலை… எனக்கு இன்னும் காதுல சூடு ஆறல.

டீச்சர்: எனக்கு மட்டும் ஆறிடுச்சா?

அம்மா: உங்களுக்கென்ன? ‘இவ படிக்கறாளா, யாரும்மா உனக்குச் சொன்னது?’ன்னு என்னைத்தானே கேட்டாங்க! வகுப்புல வெச்சா, வார்த்தை எழுதின எல்லா அட்டையும் சரியா காட்டுவா. அன்னிக்கு ஒரு அட்டை… ஒரே ஒரு அட்டைகூட சரியா காட்டல. நீங்க பெருமையடிச்சீங்க. நான் நம்பினேன். கூனிக் குறுகி நின்னது நான்.

டீச்சர்: பெரிய மேடம் அன்னிக்குக் கண்ணுல என்ன போட்டிருந்தாங்க?

அம்மா: கண் ஆபரேஷன் ஆகி கறுப்புக் கண்ணாடி. இப்ப எதுக்கு அது?

டீச்சர்: எல்லாமே அதுலதான் இருக்கு. நாலு அட்டைய வெச்சு ‘மீன் எது?’ன்னு நான் கேட்டா, என் கண்ணு எங்க போகும்? மீன்னு எழுதின அட்டைக்கு. எனக்கே தெரியாம. இவ அட்டைய எங்க பாத்தா? என் கண்ணப் பாத்தா. நான் வருஷம் பூரா, ஆஹா படிக்கறா, ஆஹா படிக்கறான்னு குதிச்சேன். படிச்சது நிஜம்தான். என் மூஞ்சியப் படிச்சா. அன்னிக்குக் கேட்டது மேடம், நாம ரெண்டு பேரும் இவளுக்குப் பின்னால நின்னோம். மேடம் கண்ணு கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால. படிக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல. தோத்துட்டா. தோத்தது அவளா நானா?… என்ன, சத்தத்தையே காணோம்?

அம்மா: ஒண்ணுமில்ல.

டீச்சர்: அக்கா.

அம்மா: ஒண்ணுமில்லன்னா விடுங்களேன்… வீட்டுக்குச் சொந்தக்காரங்க வந்தா ரெண்டு அட்டைய வெச்சு இவளக் கேப்போம். வலது பக்கத்து அட்டைன்னா, நான் சால்வையோட வலது முனைய லேசா இழுத்து விட்டுப்பேன். இடதுன்னா இடது.

டீச்சர்: அடப்பாவி அக்கா! நானாவது தெரியாம செஞ்சேன்!

அம்மா: எங்க நாத்தனார் மூஞ்சிய நீங்க பாத்ததில்ல. ‘இதுக்கெல்லாம் எதுக்குப் பள்ளிக்கூடம்’னு கேட்ட மூஞ்சி. அவ முன்னாடி எம்பொண்ணு தோக்கணுமா?

வாயாடி: அத்தை. வேணாம்.

டீச்சர்: பாருங்க, எவ்வளவு தெளிவு!

அம்மா: நீ சும்மா இருடி… ஆக, நீங்களும் ஏமாந்தீங்க, நானும் ஏமாத்தினேன். இவளுக்குப் படிக்க வராது. அவ்வளவுதானே? இதச் சொல்லவா செவுத்தப் பாத்து உக்கார வெச்சீங்க?

டீச்சர்: மத்த புள்ளைங்க தப்பா படிச்சா என்ன செய்வாங்க?

அம்மா: திருத்துவாங்க.

டீச்சர்: இவ தப்பா படிச்சா மட்டும் ஏன் ரூம மாத்தணும்? அதக் கேட்டதுக்குத்தான் மேடம் என்னைத் திமிர் பிடிச்சவங்கறாங்க. சொல்லிட்டுப் போகட்டும். அன்னிக்கே அட்டையெல்லாம் தூக்கிப் பரண்ல போட்டுட்டேன். அட்டையக் காட்டற வேலையே கிடையாது. எழுத்து மட்டும்தான். முதல் எழுத்துலேர்ந்து திரும்ப ஆரம்பிச்சோம்.

அம்மா: வாயத் திறந்து படிக்க முடியாதவளுக்கு எழுத்து எதுக்கு டீச்சர்?

டீச்சர்: நீங்க பேப்பர் படிக்கும்போது ஊரக் கூட்டியா படிக்கறீங்க? மனசுக்குள்ளதானே? இவளும் மனசுக்குள்ள படிப்பா. பெட்டில படம் போட்ட பட்டன் ஒரு பக்கம் இருக்குல்ல, அதுல நாம வெச்சதத்தான் இவளால சொல்ல முடியும். தண்ணி வெச்சா தண்ணி. தூக்கம் வெச்சா தூக்கம். நாம வெக்காதத இவ எப்படிச் சொல்லுவா? அதுக்குத்தான் எழுத்துப் பக்கம். எழுத்தக் கூட்டித் தட்டினா பெட்டி அதையும் பேசும். அது இவ சொந்தப் பேச்சு.

அம்மா: பேசிட்டாளா?

டீச்சர்: எங்கிட்டச் சின்னச் சின்னதா தட்டறா. ஆனா என்னை நானே நம்ப மாட்டேன் இப்ப. அதனால இன்னிக்குப் பரீட்சை வெக்கப் போறது நீங்க.

அம்மா: நானா?

டீச்சர்: நீங்களே. கேள்வி எனக்குத் தெரியக் கூடாது. சிலேட்டுல எழுதி அவ முன்னாடி நிக்க வெச்சிட்டு, பேசாம வந்து செவுத்தப் பாத்து உக்காருங்க. என் கண்ணும் அவளுக்குக் கிடைக்கக் கூடாது, உங்க கண்ணும் கிடைக்கக் கூடாது.

அம்மா: பதில் தப்பா வந்தா?

டீச்சர்: நானே நாற்காலியத் தள்ளிட்டுப் போய் மணி ரூம்ல விட்டுடறேன். உங்ககிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

அம்மா: சரியா வந்தா?

டீச்சர்: நாளைக்கு மேடம்கிட்ட, எம்பொண்ணு படிப்பு ரூம்லதான் இருப்பான்னு நிமிந்து நின்னு சொல்லணும். அம்மா கேட்டா இன்னொரு தடவை பரீட்சை வெக்கறேன்னு மேடம் சொல்லியிருக்காங்க. அம்மா கேக்கலன்னா இதோட முடிஞ்சுது. இவ ஆயுசுக்கும் அடுத்தவங்க கோத்த மணியப் பாத்துட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்.

அம்மா: …சிலேட்டு எங்க?

டீச்சர்: மேசை மேல. தமிழ்ல எழுதுங்க, கோழி கிண்டாம.

அம்மா: நானும் பள்ளிக்கூடம் போனவதான். எட்டிப் பாக்காதீங்க.

டீச்சர்: செவுத்துல ஒரு விரிசல் போகுது, அதத்தான் பாத்துட்டிருக்கேன்.

அம்மா: ரொம்பச் சுலபமா எழுதியிருக்கேன். தினமும் வீட்ல கேக்கறதுதான். இதுக்குப் பட்டன்கூட இருக்கு, ஒரே தட்டு…

டீச்சர்: மூச்சு விடாதீங்க! வந்து உக்காருங்க. அப்புறம்… சால்வைய எடுத்துடுங்க.

அம்மா: எதுக்கு?

டீச்சர்: வலது முனை, இடது முனை.

அம்மா: அது ரெண்டு அட்டைக்கு! இங்க இத்தனை எழுத்துக்கு எத்தனை முனைய இழுக்கறது?

டீச்சர்: எனக்குத் துளி சந்தேகம்கூட வரக் கூடாது. எடுங்க.

அம்மா: குளிருது.

டீச்சர்: எனக்கு வேர்த்து ரவிக்கை முதுகோட ஒட்டுது. ஃபேன்கூட ஓடல.

அம்மா: உள்ள வேலை செய்யற இடத்துக் கோட்டு. மாத்தாம ஓடி வந்துட்டேன். அழுக்கு டீச்சர்…

டீச்சர்: ஆஸ்பத்திரியில குழந்தைங்க வார்டுதானே? பால் வாந்தி எடுத்திருக்கும். எடுத்தா எடுக்கட்டும்.

அம்மா: நீங்க திரும்பிப் பாக்க மாட்டீங்கள்ல?

டீச்சர்: செவுத்தத் தவிர எதையும் பாக்க மாட்டேன். போதுமா?

அம்மா: …ம். எடுத்துட்டேன். மடியில வெச்சிருக்கேன்.

டீச்சர்: வாயாடி! சிலேட்டுல இருக்கறத மனசுக்குள்ள படி. அப்புறம் பதில் சொல்லு. எங்க மூஞ்சி இன்னிக்கு லீவு. உன் நேரத்துக்கு மெதுவா சொல்லு.

அம்மா: …

டீச்சர்: …

அம்மா: தூங்கிட்டாளா?

டீச்சர்: உஷ்.

அம்மா: இல்ல, ஒரே தட்டுதான்… இவ்வளவு நேரம் எதுக்கு…

டீச்சர்: அந்தக் கைய ஒரு இடத்துலேர்ந்து இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோறது மூட்டை தூக்கற மாதிரி அவளுக்கு. பெத்தவங்க நீங்க, தெரியாதா? பேசாம இருங்க.

வாயாடி: எழுத்து.

டீச்சர்: எழுத்துப் பக்கத்துக்குப் போயிட்டா! கேட்டீங்களா? பட்டன விட்டுட்டு எழுத்துக்குப் போயிட்டா!

அம்மா: அங்க எதுக்குப் போறா? பதில் பட்டன்லயே இருக்கே…

வாயாடி: பி.

அம்மா: போச்சு. முதல் எழுத்தே தப்பு.

டீச்சர்: அழிச்சாலும் அழிப்பா. இருங்க.

வாயாடி: ண.

டீச்சர்: பி… ண… என்னடி தட்டற?

அம்மா: டீச்சர். போதும். நிறுத்தச் சொல்லுங்க.

டீச்சர்: பேசிட்டிருக்கறவ வாயப் பொத்தற வேலை எங்கிட்ட வெச்சுக்காதீங்க.

வாயாடி: வ.

அம்மா: கண்ணு… போதும்டி. வீட்டுக்குப் போலாம். அம்மாவுக்குத் தலை வலிக்குது.

வாயாடி: வேணாம்.

டீச்சர்: திரும்பாதீங்க அக்கா! நாற்காலி கிறீச்சுங்குது, எனக்குக் கேக்குது!

வாயாடி: றை. பிணவறை.

டீச்சர்: பிணவறையா? அக்கா? சரியா, தப்பா?

அம்மா: தப்பு.

டீச்சர்: தப்பா…

அம்மா: தப்பு. தப்புன்னா தப்புதான்.

டீச்சர்: இந்த வார்த்தைய நான் சொல்லித் தரவே இல்ல. பாடத்துலயும் இல்ல, பட்டன்லயும் இல்ல. கை தவறி விழுந்தா ஒரு எழுத்துகூடப் பிசகாம இப்படி ஒரு வார்த்தை விழுமா? நீங்க என்ன கேள்வி எழுதினீங்க?

அம்மா: என்ன கேள்வியா இருந்தா என்ன? தப்புன்னா மணி ரூம்னு நீங்கதானே சொன்னீங்க? முடிஞ்சுது. கிளம்பறோம்.

டீச்சர்: …சொன்னேன். சொன்னது சொன்னதுதான்.

வாயாடி: சரி.

அம்மா: பாத்தீங்களா, அவளே சரிங்கறா. வாடி போலாம்.

வாயாடி: வேணாம். பதில். சரி. சரி. சரி.

டீச்சர்: பதில் சரியாத்தான் இருக்குன்னு சொல்றா அக்கா. அக்கா, அழறீங்களா?

அம்மா: செவுத்துத் தூசி.

டீச்சர்: வாயாடி. நான் திரும்பல. அம்மாவும் திரும்பல. நீயே சொல்லு. இந்த வார்த்தைய எங்கேர்ந்து படிச்ச?

வாயாடி: அம்மா. முதுகு.

டீச்சர்: …உங்க முதுகுல என்ன இருக்கு அக்கா? பாக்க மாட்டேன்னு வாக்குக் கொடுத்துட்டேன். இப்பவும் விரிசலத்தான் பாத்துட்டிருக்கேன். நீங்களே சொன்னாத்தான் உண்டு.

அம்மா: ‘அம்மாவுக்கு எங்கே வேலை?’ அதுதான் கேள்வி. குழந்தைங்க வார்டு இல்ல டீச்சர். அது மேல, மாடியில. நான் கீழ, படிக்கட்டுக்குப் பின்னால. வர்றவங்களக் கழுவி, துடைச்சு, தலைய சீவி, சொந்தக்காரங்க பாத்தா பயப்படாத மாதிரி ஆக்கற வேலை. அங்கத்துக் கோட்ட வேற ரூமுக்குப் போட்டுட்டுப் போயிடக் கூடாதுன்னு முதுகுல பெருசா அச்சடிச்சிருக்காங்க. அதான் எந்நேரமும் சால்வை.

டீச்சர்: எதுக்கு அக்கா மறைக்கணும்? திருடினீங்களா?

அம்மா: நீங்க படிச்சவங்க, கேப்பீங்க. முன்ன இருந்த தெருவுல எப்படியோ தெரிஞ்சு போச்சு. நான் கொடுத்த தண்ணிய வாங்கிக் கீழ வெச்சாங்க. ‘அந்தக் கையாலதான் உம்பொண்ணுக்கு ஊட்டறியா?’ன்னு ஒருத்தி கேட்டா. அன்னிக்கு ராத்திரி கைய சோப்புப் போட்டுத் தேச்சேன் தேச்சேன், தோலு உரிஞ்சுது. வீடு மாத்தினோம். வார்டையும் மாத்திட்டேன், வாயாலேயே.

டீச்சர்: அதுக்காகப் பெத்த பொண்ணு சொன்ன சரியான பதிலத் தப்புன்னீங்களா?

அம்மா: சொல்லிட்டேன். ஒரு நிமிஷம்… அவ தோத்தா தோக்கட்டும், நான் மாட்டக் கூடாதுன்னு நெனச்சுட்டேன். திட்டுங்க. நல்லா திட்டுங்க.

டீச்சர்: அப்புறமா திட்டறேன். நிறையவே இருக்கு. இப்பத் திரும்பப் போறேன், என்னால முடியல… அம்மாடி! எவ்வளவு பெரிய எழுத்து! அக்கா, இதுல படம் இல்ல. அட்டை இல்ல. என் கண்ணு இல்ல, உங்க சால்வை இல்ல. சிலேட்டப் படிச்சா, முதுகப் படிச்சா, ரெண்டையும் சேத்துப் பதில் சொன்னா. படிச்சுட்டா அக்கா! எம்பொண்ணு படிச்சுட்டா!

அம்மா: எம்பொண்ணு டீச்சர்.

டீச்சர்: சரி, பாதிப் பாதி.

அம்மா: நிஜமாவே… படிக்கறாளா?

டீச்சர்: நான் பாத்துடுவேன்னுதானே அந்தப் பயம் பயந்தீங்க? அவளுக்கு முதுகக் காட்டிட்டு எப்படி உக்காந்தீங்க?

அம்மா: அவதானேன்னு…

டீச்சர்: ஆங். அந்த ‘அவதானே’ இருக்கே, ஊர் பூரா சொல்ற ‘அவதானே’, அதத்தான் இன்னிக்கு இவ போட்டு ஒடைச்சா.

அம்மா: கண்ணு… அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு தெரியுமாடி?

வாயாடி: செத்தவங்க. ரூம். டிவி. செய்தி.

அம்மா: இன்னிக்குத்தான் பாத்தியா?

வாயாடி: முந்தி. கொடி. கோட்டு.

அம்மா: கொடியிலயா? நான் உள்பக்கத்த வெளிய திருப்பில்ல காயப் போடுவேன்!

வாயாடி: காத்து.

டீச்சர்: காத்து திருப்பிப் போட்டிருக்கு அக்கா. காத்துக்கு உங்க ரகசியம் தெரியுமா என்ன?

அம்மா: முந்தியே தெரியும்னா… தினமும் நான் கேக்கறேனே, அம்மா எங்க போறேன், அம்மா எங்க போறேன்னு. பாப்பா பாப்பான்னு தட்டிட்டுச் சிரிப்பியே. ஏண்டி?

வாயாடி: பட்டன். பாப்பா. மட்டும். இருக்கு.

டீச்சர்: நாமதான் வெச்சோம். நீங்க சொன்னீங்க, நான் பாப்பா படத்த ஒட்டினேன். வேற பதில் சொல்ல அவளுக்கு வழியே வெக்கல.

வாயாடி: அம்மா. மூஞ்சி. சந்தோஷம்.

அம்மா: என் மூஞ்சி மலருதுன்னா தட்டின?… நான் உனக்கு மறைக்கறேன்னு நெனச்சுட்டிருந்தேன். நீ இல்லடி எனக்காக மறைச்சிருக்க!

வாயாடி: ஆமா.

அம்மா: கிட்ட வரட்டுமா? கோட்டோட? இந்தக் கையோட?

வாயாடி: வா. தலை. சீவு.

டீச்சர்: சீப்பு மேசை டிராயர்ல இருக்கு அக்கா.

அம்மா: இருக்கட்டும், விரலே போதும். எப்படிக் கலைச்சு வெச்சிருக்கா பாருங்க, காக்கா கூடு… ஆடாம இருடி.

டீச்சர்: நாளைக்கு மேடம்கிட்ட என்ன சொல்லப் போறீங்க?

அம்மா: படிப்பு ரூம். பரீட்சை இப்பவே வைங்க, கறுப்புக் கண்ணாடியோடயே வைங்கன்னு சொல்லப் போறேன்.

டீச்சர்: முதல் கேள்வி உங்கள எழுதச் சொன்னா?

அம்மா: இதே கேள்விதான்.

டீச்சர்: யோசிச்சுச் சொல்லுங்க. சொல்லிக் கொடுத்துக் கூட்டிட்டு வந்திருக்கீங்கம்பாங்க.

அம்மா: அப்ப அவங்க கேள்விய அவங்க எழுதட்டும், எத்தனை வேணும்னாலும். எம்பொண்ணு படிப்பா. முதல் கேள்வி என்னோடது.

டீச்சர்: பள்ளிக்கூடம் பூரா தெரிஞ்சு போகும் அக்கா. சால்வை…

அம்மா: வீட்ல இருக்கட்டும்.

டீச்சர்: அப்ப நாளைக்கு எங்க உக்காருவீங்க?

அம்மா: இன்னிக்கு மாதிரிதான், செவுத்தப் பாத்து. முதுகு மட்டும் நல்லா மேடம் பக்கம் இருக்கட்டும். எம்பொண்ணு படிச்சாச்சு… அவங்களும் படிக்கட்டும்.